மூன்று மீட்டர் கோடு

பத்து காஜாவில் எந்தச் சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்தாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். தே தாரிக் மேசைக்கு வந்ததும் ஒருவர் சட்டைப் பையிலிருந்து சிகரெட் பாக்கெட்டை எடுப்பார். கடைப் பையன், "அண்ணே, வெளிய..." என்று இழுப்பான். அவர் எழுந்து ரோட்டோரம் போய் நிற்பார். திரும்பி வரும்போது, "என் காசு, என் வாய். இவனுங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று முணுமுணுப்பார்.

அவர் ஏதோ புதுக் கேள்வி கேட்பதாக நினைத்துக்கொள்கிறார். இந்தக் கேள்விக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிவிட்டது.

ஈயம் கொழித்த காலத்தில் கிந்தா மாவட்டத்தின் நிர்வாகத் தலைமையிடம் பத்து காஜாதான். அன்றைக்கு இங்கே புகை என்றால் அபின். லம்பங்களில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வேலை செய்த சீனத் தொழிலாளிக்கு உடம்பு வலிக்கு மருந்தும் அதுதான், சம்பளத்தை விழுங்கியதும் அதுதான். அபின் விற்கும் உரிமையை அரசாங்கம் குத்தகைக்கு விட்டது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி அபினிலிருந்து வந்த காலம் அது.

அதை நிறுத்தச் சொல்லி முதலில் குரல் கொடுத்தது அரசாங்கம் இல்லை. 1906, 1907 வாக்கில் பேராக்கிலும் பினாங்கிலும் சீன வணிகர்களும் மருத்துவர்களும் அபின் எதிர்ப்புச் சங்கங்களைத் தொடங்கினார்கள். அந்த இயக்கத்தின் மாநாடு நம் ஈப்போவிலேயே கூடியது. அதில் முன்னின்றவர்களில் ஒருவர் பினாங்கு மருத்துவர் வூ லியன் தே. 1907இல் அவருடைய மருந்தகத்தைச் சோதனை போட்டு, ஒரு அவுன்ஸ் அபின் கரைசல் வைத்திருந்ததாக அவருக்கே அபராதம் விதித்தார்கள். அபினை விற்ற அரசாங்கம் அபினை எதிர்த்தவரைத் தண்டித்தது.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? 1910 தொடங்கி குத்தகையை எடுத்துவிட்டு அரசாங்கம் தானே அபினை விற்க ஆரம்பித்தது. முழுத் தடை வந்தது 1946இல். மக்கள் கேட்டதற்கும் சட்டம் வந்ததற்கும் நடுவில் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள்.

நம் தோட்டங்களின் கள்ளுக்கடைக் கதையும் வேறு இல்லை. 1947இல் கெடாவில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மூடச் சொல்லித் திரண்டபோது அது போலீஸோடு மோதலில்தான் முடிந்தது. குடிக்காதே என்று தொழிலாளியே சொன்னால் அது கலகம். அரசாங்கம் சொன்னால் அது சட்டம்.

சிகரெட்டுக்கு வருவோம். மலேசியாவில் பொது இடப் புகைக்கு எதிரான முறையான விதிகள் 1993இல் வந்தன. மருத்துவமனை, பொது வாகனம், லிப்ட் போன்ற சில இடங்களோடு அவை நின்றுகொண்டன. அதே ஆண்டுகளில் நாட்டின் காற்பந்துப் போட்டிகளுக்குக் காசு கொடுத்தது டன்ஹில். 1998இலும் 2000இலும் பேராக் மலேசியக் கிண்ணத்தை வென்றபோது தொலைக்காட்சி முன்னால் துள்ளிக் குதித்த பிள்ளைகள், அந்தப் பெயரையும் சேர்த்தே பார்த்து வளர்ந்தார்கள். 2004இல் 'தாக் நாக்' பிரச்சாரமும் புதிய விதிகளும் வந்தன. அந்த விளம்பரமும் அதோடு மறைந்தது.

2019 ஜனவரி 1 முதல் எல்லா உணவகங்களிலும், திறந்தவெளிக் கடைகளிலும்கூட, புகைக்கத் தடை வந்தது. கடையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளித்தான் ஊதலாம். இதை அறிவித்த சுகாதாரத் துணையமைச்சர் டாக்டர் லீ பூன் சாய், அப்போது நமக்குப் பக்கத்துத் தொகுதியான கோப்பெங்கின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். ஏழு பேர் தடையை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் வழக்கு தள்ளுபடியானது. 2020 தொடங்கியதும் சம்மன் எழுத ஆரம்பித்தார்கள்.

சரி, நம் ஊர் மன்றத்துக்கு இதில் என்ன வேலை? இருக்கிறது. சட்டம் புத்ராஜெயாவில் பிறந்தாலும், கடைக்கு லைசென்ஸ் கொடுப்பது ஊராட்சி மன்றம். அந்த ஒரு கையெழுத்தின் பலத்தை மின்சிகரெட் விவகாரத்தில் பார்த்தோம். நிக்கோட்டின் திரவத்தை மத்திய அரசு 2023இல் நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. ஆனால் ஜொகூர் 2016இலேயே வேப் விற்பனையை நிறுத்தியிருந்தது. திரங்கானு 2025 ஆகஸ்டில் நிறுத்தியது. மத்தியச் சட்டம் விற்கலாம் என்று சொல்லும் இடத்திலும் லைசென்ஸ் தராத மன்றம் கடையை மூடிவிட முடியும்.

இவ்வளவு அதிகாரம் உள்ள மன்றத்தில் உட்காருவது யார்? நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் இல்லை. பிரிட்டிஷ்காரன் காலத்துச் சானிட்டரி போர்டில் அரசாங்கம் நியமித்தவர்கள் உட்கார்ந்தார்கள். நடுவில் கொஞ்ச காலம் நிலைமை மாறியது. ஈப்போ நகர மன்றத்தைச் சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி தேர்தலில் வென்று நடத்தியது அப்போதுதான். 1965இல், இந்தோனேசியாவோடு மோதலைக் காரணம் காட்டி, ஊராட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். அதை ஆராய அமைத்த அரச ஆணையத்தின் தலைவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் திரும்ப வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் அந்தக் கதவை ஒரேயடியாகச் சாத்தியது. 2018 டிசம்பரில் பேச்சு மறுபடி எழுந்தபோது, இனப் பிரச்சினை வரும் என்று சொல்லி மகாதீர் மறுத்துவிட்டார். அடுத்த மாதம்தான் மூன்று மீட்டர் கோடு வந்தது.

நான் தடைக்கு எதிரி இல்லை. அந்தக் கடைப் பையனை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்தவன். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறான். 2019க்கு முன்னால் அத்தனை மேசைகளின் புகையும் அவனுக்குத்தான். வாடிக்கையாளர் அரை மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார். அவன் எங்கே போவான்? "என் காசு, என் வாய்" என்கிறவருக்கு என் பதில் இதுதான்: காசு உன்னுது, வாய் உன்னுது, நுரையீரல் அவனுது.

ஆனால் அந்தப் பையனைக் காப்பாற்றிய விதி அவனைக் கேட்டு வந்ததில்லை. நம்மைக் கேட்டும் வந்ததில்லை. நல்ல விதியாக அமைந்தது நம் அதிர்ஷ்டம். 2022இல் கைரி ஜமாலுடின் கொண்டுவந்த, ஒரு தலைமுறைக்கே புகையிலை விற்கக் கூடாது என்ற மசோதாவிலிருந்து அந்தப் பிரிவை 2023இல் உருவிவிட்டார்கள். மிச்சம்தான் 2024 அக்டோபரில் அமலுக்கு வந்த இன்றைய சட்டம். மேலே இருந்து கொடுப்பதை மேலே இருந்தே எடுத்துக்கொள்ளவும் முடியும்.

1906இல் அபினுக்கு எதிராகக் கூடியவர்களுக்கும் ஓட்டு இல்லை. கேட்டார்கள், கிடைக்க நாற்பது வருடம் ஆனது. நாளைக்கு நம் மாவட்ட மன்றம் வேப் கடை வேண்டுமா, பேரங்காடி வாசலில் புகை வேண்டுமா என்று பேச உட்கார்ந்தால், அந்த மேசையைச் சுற்றி இருப்பவர்களில் ஒருவரைக்கூட நமக்குப் பெயர் சொல்லித் தெரியாது. கோடு எங்கே போட வேண்டும் என்பதைவிட எனக்கு இதுதான் உறுத்துகிறது. அடுத்த முறை கடையில் யாராவது "இவனுங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டால், "இவனுங்க யாருண்ணே, பேர் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள்.