படிக்கட்டும் பிரபுக்கள் சபையும்

படிக்கட்டில் இடறி விழுந்தவரைப் பார்த்து, “நீர் எதற்காக இங்கு வந்தீர்?” என்று முதலிற் கேட்கும் ஒரு சட்டத்தை நாம் கற்பனை செய்து பார்ப்போமாக. படியின் பழுது அங்கே இரண்டாம் பட்சம்; வந்தவரின் தகுதியே தலையாய வினா. இது வெறுங் கற்பனையன்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்காலம் ஆங்கில நீதிமன்றங்களில் ஆட்சி செலுத்திய விதி இதுவேயாகும்.

1866 ஆம் ஆண்டில் அவ்விதி உருப்பெற்றது. இலண்டனில் ஒரு சீனி ஆலைக்கு வாயுக் கருவிகளைப் பரிசோதிக்கச் சென்ற தொழிலாளி, காப்பு வேலியற்ற ஒரு துவாரத்தினூடே கீழே விழுந்தார். ‘இண்டர்மோர் எதிர் டேம்ஸ்’ எனும் அவ்வழக்கில் தொழிலாளியே வென்றார். ஆனால் வென்ற காரணத்தை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். ஆலையுடையவருக்குப் பயன்தரும் அலுவலாக வந்தவர் என்பதாலேயே அவருக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. இவ்வாறு ‘அழைக்கப்பட்டோர்’ ஒரு வகுப்பாயினர். வெறும் ‘அனுமதி பெற்றோர்’ அவர்க்குக் கீழ். உடைமையாளர் அறிந்திருந்த மறைவான ஆபத்துக்கு மட்டுமே இவர்கள் முறையிடலாம். அத்துமீறி நுழைந்தோர் அடித்தளத்திலே கிடந்தனர். நிலவுடைமைச் சமுதாயத்தின் படிநிலையைக் காயமுற்ற கால்களிலும் கண்டது இச்சட்டம்.

வாடகை வீடுகளின் நிலையோ இன்னும் கொடிது. இடிந்த வீட்டை வாடகைக்கு விடுவதைத் தடுக்கும் சட்டம் எதுவுமில்லை என்று 1863 இலேயே ஒரு நீதிபதி கூறியிருந்தார். 1906 இல் ‘கவலியர் எதிர் போப்’ வழக்கில் பிரபுக்கள் சபை அதனையே வழிமொழிந்தது. பழுதைத் திருத்துவதாக வீட்டுக்காரர் தரப்பில் வாக்களிக்கப்பட்டிருந்தது, திருத்தப்படவில்லை. சமையலறைத் தரை வாடகையாளரின் மனைவியைக் காயப்படுத்தியது. வாக்குறுதி கணவருக்கே அளிக்கப்பட்டது, மனைவி அவ்வொப்பந்தத்துக்கு அந்நியர் எனக்கூறி அவருக்கு நட்டஈடு மறுக்கப்பட்டது. அச்சமையலறையில் நாள்தோறும் நின்றவர் யார் என்பதைச் சட்டம் கேட்கவில்லை!

1920களின் தொடக்கத்தில், சகோதரியின் குடியிருப்பில் தங்கியிருந்த ஒரு பெண்ணின் பாதணிக் குதி, பொதுப்படிக்கட்டின் தேய்ந்த பள்ளத்திற் சிக்கியது. அவர் வெறும் அனுமதி பெற்றவர். பள்ளமோ கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே அவர் தோற்றார். 1950 இல் இன்னொரு பெண், கடைக்குச் செல்லும் வழியில், நடைதளத்துக்குமேல் துருத்தி நின்ற குழாய் மூடியில் இடறினார். கடைக்குள்ளே விழுந்திருந்தால் அவர் கடைக்காரரால் ‘அழைக்கப்பட்டவர்’. வெளி முற்றத்தில் விழுந்தமையால் அனுமதி பெற்றவர் மாத்திரமே. அவரும் தோற்றார். இங்கே முற்றத்தை உடையது தனி முதலாளியன்று, மக்கள் வாக்கால் அமைந்த இலண்டன் கவுண்டி சபை என்பதை நாம் மறைத்தற்கில்லை. தனியுடைமைக்கு வகுத்த கேடயத்தைப் பொதுச்சபையும் தயக்கமின்றி ஏந்திற்று.

இத்தகைய தீர்ப்புகளின் அபத்தமே பாராளுமன்றத்தை அசைத்தது. 1957 இன் சட்டம், 1958 சனவரி முதலாம் நாள் தொட்டு, சட்டப்படி வருவோர் அனைவருக்கும் ஒரே கவனக் கடமையை விதித்தது. பழுதுபார்க்கப் பொறுப்பேற்ற வீட்டுக்காரர் வாடகையாளரின் குடும்பத்தினருக்கும் கடமைப்பட்டவரானார். ஆயினும் வாயிலில் ஒரு பலகையைத் தொங்கவிட்டு அக்கடமையைக் கைகழுவும் வழி திறந்தேயிருந்தது. வணிக இடங்களில் அது பெரிதும் அடைக்கப்பட்டது 1977 இலேதான். அத்துமீறி நுழைந்த குழந்தைக்கும் மனிதாபிமானக் கடமை உண்டென்று பிரபுக்கள் சபை ஏற்றது 1972 இல். மின் தண்டவாளத்திற் கருகிய ஆறு வயதுச் சிறுவனின் வழக்கு அது.

இடிந்த வீட்டின் கதை இன்னும் நீண்டது. குறைந்த வாடகை வீடுகள் குடியிருக்கத் தக்கனவாக இருத்தல் வேண்டுமென 1885 இலேயே விதிக்கப்பட்டதுண்டு. ஆனால் அவ்விதிக்குரிய வாடகை எல்லை 1957 இன் அளவிலேயே, இலண்டனில் ஆண்டுக்கு 80 பவுண் என, உறைந்து நின்றது. வாடகைகள் ஏறின; எல்லை ஏறவில்லை; விதி ஏட்டில் மட்டும் எஞ்சிற்று. வாடகை எல்லையை நீக்கி அவ்விதிக்கு மறுபடியும் உயிரூட்டிய சட்டம் நிறைவேறியது 2018 இல். இங்கிலாந்தில் அது நடைமுறைக்கு வந்தது 2019 மார்ச்சு 20 ஆம் நாள்.