கடனுக்கு முந்திய பிரிவினை: ரெக்சாஸ் நீர்வழங்கு வட்டாரங்களின் சட்ட வரலாறு

மாந்தர் கூடிவாழுமிடத்து முதற்கண் வேண்டப்படுவது நீர். நகரசபையின் ஆட்சி எட்டாத வெறுநிலத்திற் புதுக்குடியிருப்பு எழுமாயின், நீர்க்குழாய்க்கும் கழிவுநீர்க் கால்வாய்க்கும் பொருள் தருவார் யாவர்? ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலம் இவ்வினாவுக்குச் சட்டத்தின் வாயிலாக விடை கண்டது. அவ்விடை வளர்ந்த வரலாற்றையும், ஒரு வட்டாரத்தைப் பலவாகப் பிரிக்கும் விதியின் உட்கருத்தையும் ஈண்டு நோக்குவாம்.

1904 ஆம் ஆண்டில் அம்மாநில அரசியலமைப்புத் திருத்தப்பட்டு, நீர்ப்பாசனம், வடிகால் முதலியவற்றுக்கெனத் தனி வட்டாரங்கள் அமைக்க இடமளிக்கப்பட்டது. ஆயின் அவை பெறுங்கடன், நிலத்தின் வரிமதிப்பில் நாலிலொரு பங்கைத் தாண்டலாகாது என்னும் வரம்பு இருந்தது. 1913, 1914 ஆம் ஆண்டுகளின் வெள்ளமும், 1910, 1917 ஆம் ஆண்டுகளின் வறட்சியும் இவ்வரம்பின் குறையை உணர்த்தின. அதனால் 1917 இல் மற்றொரு திருத்தம் நிறைவேறிற்று. இயற்கை வளம் பேணுதல் பொதுக்கடமையென அது சாற்றியது. அதன்கீழ் அமையும் வட்டாரங்களுக்குப் பழைய கடன்வரம்பு இல்லாதொழிந்தது.

இவ்வடித்தளத்தின் மீதே, 1971 இல் நீர்ச்சட்டக் கோவையின் 54 ஆம் அத்தியாயம் நகரப் பொதுச்சேவை வட்டாரம் என்னும் அமைப்பை வகுத்தது. ஐவர் கொண்ட பணிப்பாளர் சபை இதனை நடத்தும். வாக்காளர் இசைந்தால், கடன்முறிகளை விற்று நீர்நிலையமும் குழாய்களும் அமைத்து, அக்கடனை ஆதன வரியால் தீர்க்கும். ஹூஸ்ரன் நகரைச் சூழ்ந்த புறநகர்கள் பலவும் இம்முறையாலேயே எழுந்தன.

வட்டாரத்தை மாநில ஆணைக்குழுவும் அமைக்கலாம். சட்டமன்றம் தனிச்சட்டத்தாலும் அமைக்கலாம். தனிச்சட்டமாயின், மசோதாவைக் கொணரும் நோக்கத்தை முப்பது நாளுக்குக் குறையாமலும் தொண்ணூறு நாளுக்கு மேற்படாமலும் முன்னதாகப் பத்திரிகையில் அறிவித்தல் வேண்டுமென்பது அரசியலமைப்பின் கட்டளை.

இத்தகைய தனிச்சட்டங்கள் பலவற்றிற் பிரிவினைக்குரிய விதிகள் உள. பணிப்பாளர் சபை தானாகவோ, நிலமதிப்பிற் பெரும்பகுதியை உடையாரின் மனுவின் பேரிலோ பிரிவினைக் கட்டளை பிறப்பிக்கலாம். அக்கட்டளை புதிய வட்டாரங்களின் பெயரையும் எல்லையையும் குறித்து, தற்காலிகப் பணிப்பாளரை நியமித்து, உடைமையையும் பொறுப்பையும் பங்கிடுதல் வேண்டும். மூல வட்டாரத்தின் எல்லைக்குப் புறம்பான நிலம் புதியவற்றிற் சேரலாகாது. யாவற்றிலும் தலையாயது ஒன்றுண்டு: முறிக்கடன் நிலுவையிலிருக்கும் வட்டாரமும், ஆதன வரி அறவிடும் வட்டாரமும் இவ்விதிகளின்படி பிரிக்கப்படலாகா.

இத்தடையின் நியாயம் தெளிவானது. கடன்முறி வாங்கியோன் முழு நிலத்தின் வரியையும் நம்பியே பொருள் ஈந்தான். பின்னர் நிலத்தைக் கூறாக்கினால் அவனுக்குரிய பிணை சிதறும். வளங்குன்றிய கூற்றிலுள்ளோர் மீது பாரம் மிகும். கூட்டுக் குடும்பத்திற் கடன் ஏறுமுன்னர்ப் பாகம் பிரித்தல் எளிது. ஏறிய பின்னர் அதுவே வழக்காகும்.

பிரிவினையால் நன்மையுமுண்டு. பரந்த நிலம் ஒருங்கே குடியேற்றப்படுவதில்லை. பகுதி பகுதியாக வீடுகள் எழும்போது, முதலிற் குடிபுகுந்தோர் பின்னெழும் பகுதியின் குழாய்க்கு வரி இறுக்காமல் தத்தம் செலவைத் தாமே ஏற்பர்.

எனினும் ஈண்டு ஒரு கவலை எழுகின்றது. கடன் தோன்றுமுன் பிரிவினை நிகழவேண்டுமெனின், மக்கள் குடியேறுமுன்னரே அது பெரும்பாலும் நிகழும். அப்போது நிலம் அபிவிருத்தியாளர் கையில். வாக்காளரோ விரல்விட்டு எண்ணத்தக்கோர். புதிய வட்டாரம் வரி விதிக்குமுன் தேர்தல் நடத்தல் வேண்டுமென்பது உண்மையே. ஆயின் அத்தேர்தலிலும் அச்சிலரே வாக்களிப்பராயின், நாளை வீடு வாங்குவோன் தான் வாக்களியாத கடனைச் சுமப்பான். மூல வட்டாரத்துக்கு நகரசபை அளித்த இசைவே கிளை வட்டாரங்களுக்கும் போதுமென இச்சட்டங்கள் கூறுவதால், இடையே தடுத்து வினவுவாரும் அரியர். வீடு விற்போன் வட்டாரத்தின் வரியையுங் கடனையும் வாங்குவோனுக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டுமென்ற விதி ஓரளவு காப்பளிக்கின்றது. ஆனால் அறிவிப்பு வாக்குரிமைக்கு ஈடாகாது.

எல்லைக்கோடு வரைவது நிலவளவையாளரின் தொழில் மட்டுமன்று. யார் எவருடன் சேர்ந்து கடனாளியாவர், யார் எவருடன் சேர்ந்து வாக்களிப்பர் என்பதையும் அக்கோடே தீர்மானிக்கின்றது. கடன் கொடுத்தோனைச் சட்டம் செவ்வனே காத்தது. இன்னும் வந்து சேராத குடிமகனையும் அவ்வாறே காத்தல் வேண்டுமென்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.