நல்லாயன் உருவகமும் சீராம்பூர் அச்சகத் தீயும்

முன்னுரை

இறைவனைத் தம் மேய்ப்பராகக் கொண்டு அவரிடம் தம்மை ஒப்படைப்பது கிறித்தவப் பற்றுறுதியின் அடிப்படைக் கூறுகளுள் ஒன்றாகும். விவிலியத்தில் இவ்வுருவகம் இரு நிலைகளில் அமைகின்றது. 80ஆம் திருப்பாடலில் இறைவன் இசுரயேல் என்னும் மக்களினத்தின் மேய்ப்பர். 23ஆம் திருப்பாடலிலோ, பாடுவோன் ஒருவனுக்கே உரிய மேய்ப்பர். யோவான் நற்செய்தியின் 10ஆம் அதிகாரம் இவ்வுறவை மேலும் நெருக்கமாக்குகின்றது. அங்கு மேய்ப்பர் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கின்றார். ஆடுகள் அவர் குரலை அறிந்து பின்செல்கின்றன. இந்நம்பிக்கை, கல்கத்தாவைச் சார்ந்து நடைபெற்ற தமிழ் விவிலிய அச்சுப் பணியில் எவ்வாறு சோதனைக்கு உள்ளாயிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

தமிழ் மரபில் உருவகம்

ஆநிரை மேய்ப்போர் வாழ்வு தமிழருக்குப் புதியதன்று. முல்லைத் திணையின் மக்கள் ஆயர், தெய்வம் மாயோன். சைவ சித்தாந்தம் உயிரைப் ‘பசு’ என்றும் இறைவனைப் ‘பதி’ என்றும் குறிக்கின்றது. எனவே மனிதரை ஆடாகவும் இறைவனை ஆயனாகவும் காட்டும் விவிலியச் சொல்லாட்சி தமிழ்ச் செவிக்கு அயலாக ஒலித்திருக்க இயலாது. சீர்திருத்தத் திருச்சபையினர் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு ‘மேய்ப்பர்’ என்னும் சொல்லை ஆள்கின்றது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘ஆயர்’ என்னும் சொல்லை ஆள்கின்றது. முன்னது செயலைச் சுட்டும் பெயர். பின்னது முல்லை நிலத்தை நினைவூட்டும் பெயர்.

கல்கத்தாவும் தமிழ்க் கிறித்தவரும்

மேய்ப்பரின் குரலை ஒவ்வொருவரும் நேரே கேட்டல் வேண்டும் என்னும் கருத்து, மறைநூல் அவரவர் மொழியில் கிடைத்தல் வேண்டும் என்னும் முயற்சிக்கு வழிவகுத்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி நிறைவுற்றது. அதன்பின் பப்ரீசியுசு செய்த மொழிபெயர்ப்பு பெரிதும் போற்றப்பட்டது. ஆயினும் படிகள் போதிய அளவில் இல்லை.

இக்குறை கல்கத்தாவில் உணரப்பட்டமைக்கு முன்வரலாறு உண்டு. கடலூரில் பணியாற்றிய கீர்நாண்டர் 1758இல் கல்கத்தாவுக்குச் சென்று அங்குப் பழைய மிசன் கோயிலை எழுப்பினார். பின்னாளில் அக்கோயிலோடு தொடர்புடையவராயிருந்த தாவீது பிரவுன், தஞ்சைத் தமிழ்க் கிறித்தவரின் மறைநூல் தேவையைக் கல்கத்தா மக்களுக்கு 1810இல் எடுத்துரைத்தார். 1811ஆம் ஆண்டின் முதல் நாளில் என்றி மார்ட்டின் ஆற்றிய அருளுரையும் இவ்வேண்டுகோளை விரிவாக்கியது. அவ்வாண்டிலேயே கல்கத்தா துணை விவிலியச் சங்கம் தோன்றியது. தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிடும் பணி, ஊக்ளி ஆற்றின் மேற்கரையில் கேரி, மார்சுமன், வார்டு ஆகிய மூவர் நடத்திய சீராம்பூர் அச்சகத்தில் நிகழ்ந்தது.

1812ஆம் ஆண்டுத் தீ

1812 மார்ச்சு 11ஆம் நாள் மாலை அச்சகத்தில் தீப்பற்றியது. தாள்களும் கையெழுத்துப் படிகளும் எரிந்தன. பல இந்திய மொழிகளின் அச்செழுத்துகள் உருகின. தமிழும் அவற்றுள் ஒன்று. கேரி தொகுத்துவந்த பன்மொழி அகராதியின் கையெழுத்துப் படியும் அழிந்தது. வில்லியம் கோட்டைக் கல்லூரிப் பணியின் பொருட்டுக் கல்கத்தாவில் இருந்த அவருக்கு, மறுநாள் மார்சுமன் சென்று செய்தி கூறினார்.

இங்கு ஒரு வினா எழுகின்றது. மேய்ப்பர் காப்பவராயின், மந்தைக்கென ஆயத்தமான நூல் எரிந்தது ஏன்? கேரி இதற்கு விளக்கம் தேடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் 46ஆம் திருப்பாடலின் 10ஆம் அடியைப் பொருளாகக் கொண்டு அருளுரை ஆற்றினார். மனிதரைத் தம் விருப்பப்படி நடத்த இறைவனுக்கு உரிமை உண்டு. அதற்கு இணங்குதல் மனிதர் கடமை என்பதே அவ்வுரையின் சாரம்.

இணக்கம் செயலின்மையாக மாறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. எழுத்து வார்க்கும் அச்சுகள் இடிபாடுகளுள் சிதையாமல் கிடைத்தன. அச்சுப் பொறிகளும் தப்பின. உருகிய உலோகத்தைக் கொண்டே எழுத்துகள் மீண்டும் வார்க்கப்பட்டன. பஞ்சானன் கர்மகார் வழியில் பயின்ற வங்க எழுத்து வார்ப்பாளரின் உழைப்பு இதற்கு இன்றியமையாதது. இங்கிலாந்திலிருந்தும் உதவி திரண்டது. கேரி தம் மொழிபெயர்ப்புகளை மீண்டும் எழுதத் தொடங்கினார். பப்ரீசியுசின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1813இல் சீராம்பூரில் அச்சாகி வெளிவந்தது.

முடிவுரை

23ஆம் திருப்பாடலில் இருள் சூழ்ந்த பள்ளத்தாக்கு விலக்கப்படவில்லை. அதனூடே மேய்ப்பர் உடன் வருகின்றார். எனவே இவ்வுருவகம் தரும் உறுதி, இழப்பு நேராது என்பதன்று. இழப்பிலும் தனித்து விடப்படுவதில்லை என்பதேயாகும். சீராம்பூர் நிகழ்ச்சி இப்பொருளை வரலாற்றில் காட்டுகின்றது. தீயிலிருந்து நூல் காக்கப்படவில்லை. ஆனால் அந்நம்பிக்கை, எரிந்ததை மீண்டும் செய்யும் மனவலிமையை அதனைப் பற்றியோர்க்கு அளித்தது. தஞ்சையில் மறைநூலின்றி இருந்தோர் பொருட்டுக் கல்கத்தாவில் எழுந்த குரல், மூன்றாண்டுக் கால இடைவெளியில் ஓர் அழிவையும் கடந்து, தமிழ் நூலாக உருப்பெற்றது எனலாம்.