குடும்பத் திட்டமும் திருச்சபையும்: இயற்கை முறை வந்த வழி

விழா மலர் என்றால் கோவில் கட்டிய கதை இருக்கும், பங்குத் தந்தையர் வரிசை இருக்கும், பக்த சபைகளின் அறிக்கை இருக்கும். குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று சிலர் கேட்கலாம். பங்கின் வரலாறு ஞானஸ்நான ஏட்டிலும் எழுதப்பட்டிருக்கிறது என்பதே என் பதில். எந்தப் பழைய பங்கின் ஏட்டைப் புரட்டினாலும் ஒரே தாயின் பெயர் எட்டு, ஒன்பது இடங்களில் வரும். மரித்தோர் ஏட்டை எடுத்தால் அந்தக் குழந்தைகளில் சிலரை அங்கே பார்க்கலாம். சில வேளை அந்தத் தாயையும் பார்க்கலாம். பின்வந்த ஏடுகளில் ஒரு தாய்க்கு இரண்டு பெயர், மூன்று பெயர், அவ்வளவுதான்.

இந்த மாற்றத்துக்கு நடுவே திருச்சபை என்ன சொல்லிற்று என்பதை நம்மில் பலர் அரைகுறையாகவே அறிந்திருக்கிறோம். "பிள்ளை பெற்றுக்கொண்டே இருங்கள் என்கிறது உங்கள் சபை" என்று வெளியார் சொல்கிறார்கள். "இயற்கை முறை என்று ஒன்று உண்டு, அது பலிக்காது" என்று நம்மவர் சொல்கிறார்கள். இரண்டும் சரியல்ல.

முதலில் போதனையைப் பார்ப்போம். தக்க காரணம் இருந்தால் தம்பதியர் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடலாம் என்பதைத் திருச்சபை ஒப்புக்கொள்கிறது. கேள்வி, எந்த வழியால் என்பதுதான். நிலத்தை ஒரு போகம் தரிசாக விடுவது வேறு; வறுத்த விதையைத் தூவிவிட்டு விதைத்தேன் என்பது வேறு. தாம்பத்திய உறவை அதன் இயல்போடு விட்டு, கரு தங்கக்கூடிய நாட்களில் விலகியிருப்பது முதல் வகை. உறவு கொண்டே அதன் பலனை உறையாலோ மாத்திரையாலோ அறுவையாலோ அடைப்பது இரண்டாம் வகை. "இரண்டிலும் நோக்கம் ஒன்றுதானே?" என்று கேட்பவர்கள் முட்டாள்கள் அல்லர். படித்த கத்தோலிக்கரே அப்படிக் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். நோக்கம் ஒன்றாயிருந்தாலும் செயல் வேறு என்பதே திருச்சபையின் விடை.

நிற்க. கரு தங்கும் நாள் எது என்று தெரிந்தால் அல்லவா அந்த நாளில் விலகியிருக்க முடியும்? இங்கேதான் நம் வரலாற்றின் வேதனையான பகுதி இருக்கிறது. 1853-ல் பிரான்சிலிருந்து இப்படிப்பட்ட தம்பதியரைப் பற்றி உரோமைக்குக் கேள்வி போயிற்று. அவர்களைக் கலங்கடிக்க வேண்டாம் என்று பதில் வந்தது. 1880-லும் அதே போக்கில் ஒரு பதில். ஆனால் அன்றைய வைத்தியர்களின் கணக்கே தப்பு. மாதவிலக்கை ஒட்டிய நாட்களில்தான் கரு தங்கும், நடு நாட்களில் தங்காது என்று அவர்களில் பலர் நம்பினார்கள். அதாவது, பாதுகாப்பானவை என்று அவர்கள் காட்டிய நாட்களில்தான் கரு தங்க அதிக வாய்ப்பு இருந்தது!

சரியான கணக்கு வந்தது 1924-ல், அதுவும் ஜப்பானிலிருந்து. நீகாட்டா நகரத்து வைத்தியர் கியூசாக்கு ஓகினோ, அடுத்த மாதவிலக்குக்கு 12 முதல் 16 நாட்களுக்கு முன்பு கருமுட்டை வெளிப்படுகிறது என்று கண்டார். பிள்ளையில்லாதவர்களுக்கு உதவுவதே அவர் எண்ணம். தம் கணக்கைக் கருத்தடைக்குப் பயன்படுத்துவதை அவர் விரும்பவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில், 1928-ல், ஆஸ்திரியாவின் ஹெர்மன் கினாவுசும் இதே முடிவுக்கு வந்தார். இருவர் பெயராலும் நாள்காட்டி முறை பிறந்தது.

1930-ஆம் ஆண்டு கிறிஸ்தவ உலகம் இரண்டு வழியாகப் பிரிந்தது. ஆகஸ்டு மாதம் ஆங்கிலிக்கன் ஆயர்கள் இலம்பெத் மாநாட்டில் கூடி, முன்பு தாங்களே கண்டித்திருந்த செயற்கைக் கருத்தடையைச் சில வரையறைகளோடு அனுமதித்தார்கள். டிசம்பர் 31-ல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 'காஸ்தி கொன்னூபி' என்னும் சுற்றுமடலில் அதை வன்மையாக மறுத்தார். இயற்கைக் காரணங்களால் கரு தங்காத காலத்தில் தம்பதியர் கூடுவதில் குற்றமில்லை என்றும் அதே மடலில் எழுதினார். 1951 அக்டோபரில் பன்னிரண்டாம் பத்திநாதர் இத்தாலிய மருத்துவச்சிகளிடம் பேசியபோது இன்னும் தெளிவாக்கினார்: உடல்நலம், பொருளாதாரம், சமூகநிலை போன்ற கனமான காரணங்கள் இருந்தால் நீண்ட காலத்துக்கும் இம்முறையைக் கைக்கொள்ளலாம்.

சட்டம் தெளிவாயிற்று, கருவிதான் சரியில்லை. நாள்காட்டிக் கணக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருகிற பெண்ணுக்குத்தான் ஓரளவு பொருந்தும். பாலூட்டுகிற தாய்க்கும், நோயுற்றவளுக்கும், மாதவிலக்கு நிற்கப்போகும் வயதினளுக்கும் அது கைவிட்ட கணக்கு. தவறிய கணக்கின் பலனைச் சுமந்தவள் தாய். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு உள்ளே இருந்து சட்டம் சொன்னவர்களுக்கு அந்தச் சுமை எவ்வளவு தெரிந்திருக்கும் என்று நாம் கேட்கத்தான் வேண்டும். தெரிந்துகொண்ட குருவானவர்களும் இருந்தார்கள். ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்ற பங்குக் குருவானவர், நாள்காட்டியை நம்பினவர்கள் ஏமாந்ததைப் பார்த்து, பெண்கள் காலையில் எழுந்ததும் உடற்சூட்டை அளந்து குறிக்கும் முறையை 1935-ல் புகுத்தினார். கருமுட்டை வெளிப்பட்டபின் சூடு சிறிது ஏறும். அந்த ஏற்றமே அடையாளம்.

நம் நாட்டுக்கு வருவோம். 1952-ல் குடும்பத் திட்டத்தை அரசாங்க வேலையாகவே ஏற்ற முதல் நாடு இந்தியா. அந்தத் திட்டம் முதலில் சோதித்துப் பார்த்தது இந்த இயற்கை முறையைத்தான் என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். சுகாதார மந்திரி இராஜகுமாரி அம்ரித் கௌர் காந்தியடிகளின் சீடர். செயற்கை முறைகளை அவர் விரும்பவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்திலோ கத்தோலிக்க நாடுகளின் எதிர்ப்பு இருந்தது. இரு தரப்பாருக்கும் ஒத்துவந்தது நாள் கணக்கு முறை ஒன்றே. அந்நிறுவனத்தின் வழியாக வந்த அமெரிக்க வைத்தியர் ஆபிரகாம் ஸ்டோனின் யோசனைப்படி, தில்லியின் லோதி காலனியிலும், பெங்களூர்–மைசூர் சாலையில் பட்டுக்கூட்டுக்குப் பேர்போன இராமநகரத்திலும் சோதனை தொடங்கிற்று.

எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு நாள் கணக்கு எப்படிச் சொல்வது? ஒரு மணிமாலையைக் கொடுத்தார்கள். நாளுக்கு ஒரு மணி. பச்சை மணி என்றால் பயமில்லை, சிவப்பு மணி என்றால் விலகியிரு. கேட்கும்போது நமக்குச் செபமாலை நினைவுக்கு வருகிறது. ஆனால் மின்சாரமில்லாத வீட்டில் இரவில் பச்சை எது, சிவப்பு எது? அதனால் தடவிப் பார்த்தே அறியும்படி மணியின் வடிவத்தை மாற்ற வேண்டியதாயிற்று. மணியை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டாலே கரு தங்காது என்று தாயத்தைப் போல நம்பினவர்களும் உண்டு என்பார்கள். கற்றுக்கொள்ள முன்வந்தவர்கள் அதிகம். தொடர்ந்து கைக்கொண்டவர்கள் மிகக் குறைவு. சில ஆண்டுகளில் அரசாங்கம் மணிமாலையைக் கைவிட்டு வேறு வழிக்குப் போயிற்று.

வேறு வழி எது என்பது நாம் கண்டதுதான். 1965-ல் லூப் வந்தது. 1968-ல் 'நிரோத்' பெட்டிக்கடைக்கு வந்தது. சுவரெல்லாம் சிவப்பு முக்கோணமும் 'நாமிருவர் நமக்கிருவர்' என்ற வாசகமும். 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 63,000-க்கு மேற்பட்ட ஆண்கள் அறுவை செய்துகொண்டார்கள்.

இதற்கிடையில் உரோமையில் பெரிய விவாதம் எழுந்தது. 1960-ல் அமெரிக்கா கருத்தடை மாத்திரையை அனுமதித்தது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவர் பாஸ்டன் நகரத்துக் கத்தோலிக்க வைத்தியர் ஜான் ராக். 1930-களில் நாள் கணக்கு முறைக்கென்று மருந்தகம் நடத்தியவரும் இவரே. மாத்திரை உடலின் இயற்கைச் சுரப்பையே பின்பற்றுவதால் திருச்சபை இதை ஏற்கலாம் என்று வாதாடினார். 1963-ல் இருபத்து மூன்றாம் அருளப்பர் ஆறு பேரைக் கொண்டு ஓர் ஆய்வுக் குழு அமைத்தார். ஆறாம் சின்னப்பர் அதை விரிவாக்கினார். பம்பாய்க் கர்தினால் வலேரியன் கிராசியாசும் அதில் இருந்தார். பின்னாளில் இரண்டாம் அருள் சின்னப்பரான கிராக்கோ பேராயரும் உறுப்பினரே. ஆனால் கூட்டத்துக்கு வரவில்லை. திருமணமான தம்பதியர் மூவரையும் சேர்த்தது அந்நாளில் புதுமை. அவர்களுள் சிக்காகோவின் பாட்ரிக், பற்றீசியா குரோலி தம்பதியர் பல நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குக் கேள்விகள் அனுப்பி விடைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். நாள்காட்டியோடு போராடிய நல்ல கத்தோலிக்கத் தாய்மாரின் குரல் அந்த விடைகளில் இருந்தது. 1966-ல் குழுவின் பெரும்பான்மையோர் போதனையை மாற்றலாம் என்றார்கள்.

திருத்தந்தை மாற்றவில்லை. 1968 ஜூலை 25 நாளிட்ட 'ஹுமானே வீத்தே' பழைய போதனையை உறுதிப்படுத்திற்று. எழுந்த எதிர்ப்பு கொஞ்சமல்ல. அதற்குப்பின் பத்தாண்டு திருச்சபையை ஆண்ட அவர் வேறு சுற்றுமடல் எதுவும் எழுதவில்லை. அம்மடலில் இரண்டு இடங்கள் நாம் மறக்கக்கூடாதவை. ஒன்று, கருத்தடை வழிகளைக் கையில் வைத்துள்ள அரசாங்கம் அவற்றை மக்கள்மேல் திணிக்கத் துணியலாம் என்ற எச்சரிக்கை. எட்டே ஆண்டில், நெருக்கடிநிலையின்போது, 1976–77 என்ற ஒரே ஆண்டில் இந்தியாவில் 80 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அறுவை நடந்தது. ரேஷன் அட்டையையும் சம்பள உயர்வையும் காட்டி இழுத்துச் செல்லப்பட்டவர்களில் ஏழைகளே அதிகம். மற்றொன்று, இயற்கை முறைக்கு உறுதியான அடிப்படை தேடித் தாருங்கள் என்று விஞ்ஞானிகளுக்கு விடுத்த வேண்டுகோள். கையிலிருந்த கருவி போதாது என்பதைத் திருத்தந்தையும் அறிந்திருந்தார் என்பதற்கு அதுவே சான்று.

அந்தத் தேடல் ஆஸ்திரேலியாவில் முன்பே தொடங்கியிருந்தது. 1953-ல் மெல்போர்னில் மொரிஸ் கத்தாரினிச் என்ற குருவானவர் கேட்டுக்கொண்டதால், நரம்பியல் வைத்தியர் ஜான் பில்லிங்ஸ் பெண்களின் அனுபவத்தைக் கேட்டுக் குறிக்கலானார். பின்னர் அவர் மனைவி, குழந்தை வைத்தியர் ஈவ்லின் சேர்ந்துகொண்டார். கருமுட்டை வெளிப்படும் நாளை ஒட்டி உடலில் ஒருவகை வழுவழுப்பான கசிவு தோன்றும். அதைப் பெண் தானே உணரலாம். நாள்காட்டி வேண்டாம், வெப்பமானி வேண்டாம், எழுத்தறிவும் வேண்டாம். இதைப் பெண்ணுக்குப் பெண்தான் சொல்லித்தர முடியும். ஆகவே இம்முறையைப் பரப்பியவர்கள் பெரும்பாலும் இல்லத்தரசிகளும் கன்னியரும் தாதியருமே.

இது பலிக்குமா? உலகச் சுகாதார நிறுவனம் ஐந்து நகரங்களில் சோதித்தது. அவற்றுள் ஒன்று நம் பெங்களூர். 1981-ல் வெளியான முடிவு இரு தரப்பாரையும் வாயடைக்கச் செய்யும். விதியைச் சரியாகக் கைக்கொண்டும் முறை தவறியதால் கருவுற்றவர்கள் ஆண்டுக்கு 100 பேரில் மூவருக்கும் குறைவு. ஆனால் எல்லாக் காரணங்களையும் சேர்த்தால் 22 பேருக்கு மேல். அவர்களில் 15 பேர் விலகியிருக்க வேண்டிய நாள் என்று தெரிந்தே விதியை மீறியவர்கள். மீறியவர்கள் என்று பெண்களை மட்டும் சொல்வது அநியாயம். கணவன் ஒத்துழைக்காத வீட்டில் இம்முறைக்கு இடமே இல்லை. குடித்துவிட்டு வருகிறவனிடம் எந்தக் கணக்கைக் காட்டுவது? திருமணத் தயாரிப்பு வகுப்பில் மணமகனுக்கு இதை எவ்வளவு சொல்லித்தருகிறோம் என்று பங்குகள் தங்களையே கேட்டுக்கொள்ளலாம்.

கற்றுத்தர ஆள் இருந்த இடத்தில் முறை பயன்பட்டிருக்கிறது. 1979-ல் நோபல் பரிசு பெற்றபோது அன்னை தெரேசா, கல்கத்தாவின் சேரிகளிலும் தொழுநோயாளரிடையேயும் தம் சகோதரிகள் இம்முறையைக் கற்றுக்கொடுப்பதைச் சொல்லி, ஆறு ஆண்டில் 61,273 பிறப்புகள் குறைந்ததாகக் கணக்கும் கொடுத்தார். ஆள் இல்லாத இடங்களே மிகுதி. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் அறுவை செய்துகொண்டவர்கள். ஞாயிறு பூசைக்கு வரும் நம் பெண்களிலும் இரண்டாம் பிரசவத்தோடு ஆபரேஷன் முடித்தவர்கள் பலர் என்பதை மறைப்பதில் பயனில்லை. அவர்களுக்கு வேறு வழியை யாரும் சொல்லித்தரவில்லை.

கடைசியாக, அந்த மணிமாலையின் கதை. இராமநகரத்தில் கைவிடப்பட்ட அது அடியோடு மறைந்துவிடவில்லை. சேசு சபையார் நிறுவிய அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், 26 முதல் 32 நாள் சுற்றுள்ள பெண்களுக்கு 8-ஆம் நாள் முதல் 19-ஆம் நாள் வரை விலகியிருக்கும் எளிய முறையொன்றை வகுத்தார்கள். பொலிவியா, பெரு, பிலிப்பீன்சு நாடுகளில் நடந்த சோதனையின் முடிவு 2002-ல் வெளிவந்தது. சரியாகக் கைக்கொண்டவர்களில் ஆண்டுக்கு 100-க்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே கருவுற்றார்கள். இம்முறைக்கும் 32 மணி கோத்த ஒரு மாலை உண்டு. விலக வேண்டிய நாட்களைக் காட்டும் மணிகள் வெள்ளை. அவை இருட்டிலும் ஒளிரும்.