கசிந்த இடமும் காரணமும்: தங்கவயல் தூசியின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

டீசல் லாரியின் எஞ்சினில் எண்ணெய் கசிந்தால், கசியும் இடத்திலுள்ள ஆயில் சீலை மாற்றுவதே பட்டறைகளில் முதலில் நடப்பது. பல வேளைகளில் அதுவே போதும். ரப்பர் இறுகிப் போயிருக்கும்; புதிய சீல் போட்டதும் கசிவு நின்றுவிடும். ஆனால் புதிய சீலும் சில மாதங்களில் கசிந்து, அதையும் மாற்றியபின் வேறொரு கேஸ்கெட்டில் எண்ணெய் தலைகாட்டினால், தேர்ந்த மெக்கானிக் சீலை விட்டுவிட்டு ஏர் பில்டரைத் திறந்து பார்ப்பார். சீலுக்கும் ஏர் பில்டருக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி கோலார் தங்கவயலின் வரலாற்றை வாசிக்கவும் உதவும் என்பதே இப்பதிவின் கருத்து.

கசிவைக் கண்டறிவதில் இரண்டு விதிகள் உண்டு. முதலாவது, எண்ணெய் தெரியும் இடமெல்லாம் கசிந்த இடம் ஆகிவிடாது. எண்ணெய் கீழ்நோக்கி வழியும். ஓட்டத்தில் எதிர்க்காற்றும் விசிறிக் காற்றும் அதைப் பின்னோக்கித் தள்ளும். மேலே ராக்கர் கவர் கேஸ்கெட்டில் தொடங்கிய கசிவு எஞ்சினின் பின்புறமாக இறங்கி, கிராங்கின் பின் சீல் போனதுபோலத் தோற்றம் தரும். அதை நம்பிக் கியர்பாக்ஸை இறக்கினால் இரண்டு நாள் உழைப்பு வீண். ஆகவே எஞ்சினைக் கழுவி உலர்த்தி, ஐயமுள்ள இடங்களில் முகப்பவுடர் தூவி, சிறிது நேரம் ஓடவிட்டு, ஈரம் தெரியும் இடங்களுள் மிக உயரமானதும் முன்னால் இருப்பதுமான இடத்தைத் தேட வேண்டும்.

இரண்டாவது விதி, கசிந்த இடத்தைக் கண்டுவிட்டால் காரணத்தைக் கண்டதாக ஆகாது. பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்தால் எரிந்த வாயு கீழிறங்கி கிராங்க் அறையில் அழுத்தத்தை உண்டாக்கும். மெக்கானிக்குகள் இதை ‘பேக் கம்ப்ரஷன்’ என்பர். அறையின் மூச்சுக்குழாயான பிரீதர் அடைபட்டிருந்தாலும் இதே நிலைதான். அழுத்தம் எங்கேனும் வெளியேற வேண்டும். எந்தச் சீல் நலிந்திருக்கிறதோ அந்த வழியே எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறது. எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தால் புகை குபுகுபுவென அடிக்கும். பிரீதர் சுத்தமாக இருந்தும் இப்படி அடித்தால் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன என்று பொருள். அவை உரிய காலத்துக்கு முன்பே தேய்ந்ததற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று, காற்றோடு உள்ளே புகுந்த தூசி. ஒரு லிட்டர் டீசல் எரியக் குறைந்தது 10,000 லிட்டர் காற்று வேண்டும். அத்தனை காற்றும் ஒரு காகித மடிப்பின் வழியே செல்கிறது.

எல்லாத் தூசியும் ஒன்றல்ல. மோஸ் கடினத்தன்மை அளவையில் குவார்ட்ஸின் மதிப்பு 7; லைனர் வார்க்கப்படும் இரும்பு அதைவிட மென்மையானது. தங்கவயலில் தங்கம் கிடைத்ததே குவார்ட்ஸ் படிமங்களில்தான். 1880இல் ஜான் டெய்லர் அன் சன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்றது முதல் 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்படும்வரை, மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம்வரை தோண்டி எடுத்த பாறை, மாவாக அரைக்கப்பட்டு, சயனைடு கரைசலில் தங்கம் பிரிக்கப்பட்டு, எஞ்சியது மேடுமேடாகக் குவிக்கப்பட்டது. மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட அந்தக் கழிவை மக்கள் சயனைடு மேடு என்கின்றனர். காற்றடிக்கும் பருவத்தில் அம்மேடுகளின் மெல்லிய தூள் தெருக்களிலும் வீடுகளிலும் படிகிறது. இந்த ஊரில் ஏர் பில்டரின் ரப்பர் விளிம்பு சற்றே பிசகியிருந்தாலும் எஞ்சின் உள்ளிழுப்பது குவார்ட்ஸ் கலந்த காற்றை.

எஞ்சினைத் தூசியிலிருந்து காக்கும் முயற்சிக்கு ஒரு வரலாறு உண்டு. தொடக்ககால மோட்டார் வண்டிகளில் எண்ணெய் வடிகட்டியே கிடையாது. 1923இல் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் அமெரிக்காவில் ப்யூரோலேட்டர் என்ற எண்ணெய் வடிகட்டியை உருவாக்கினார். 1924இல் வந்த கிறைஸ்லர் காரில் எண்ணெய் வடிகட்டியும் காற்று வடிகட்டியும் இடம்பெற்றன. லாரிகளில் நெடுங்காலம் எண்ணெய்த் தொட்டி வகை ஏர் கிளீனர்கள் இருந்தன. பின்னர் காகித மடிப்புகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. 1940களில் ஜெனரல் மோட்டார்ஸ் அரிசோனா பாலைநிலத்தின் தூசியைச் சலித்துத் தரம்பிரித்து, வடிகட்டிகளைச் சோதிக்கும் பொதுத் தூசியாக ஆக்கியது. இன்றைய பன்னாட்டுத் தரநிலையும் அந்த மரபையே பின்பற்றுகிறது. அத்தூசியில் ஏறத்தாழ 70 விழுக்காடு சிலிக்கா. 1946இல் டென்வர் ரியோ கிராண்ட் ரயில் நிறுவனத்தின் ஆய்வகம், பயன்படுத்திய எண்ணெயை நிறமாலை முறையில் ஆராய்ந்து, டீசல் எஞ்சின் பழுதடையும் முன்பே தேய்மானத்தைக் கண்டறிந்தது. எண்ணெயில் சிலிக்கான் அளவு கூடினால் தூசி புகுகிறது என்று இன்று எந்த ஆய்வகமும் சொல்லிவிடும். ஆக, முதல் வடிகட்டிக்குப் பின் கால் நூற்றாண்டுக்குள் எஞ்சினுக்கு வடிகட்டி, சோதனைத் தூசி, முன்னறி பரிசோதனை மூன்றும் கிடைத்துவிட்டன.

அதே குவார்ட்ஸ் தூசி மனித நுரையீரலில் செய்வது வேறு. பெருந்துகள்களை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். ஐந்து மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் காற்றுப் பைகள்வரை சென்று தங்கி, தழும்பை உண்டாக்குகின்றன, அதுவே சிலிக்கோசிஸ். தேய்ந்த லைனரை மாற்றலாம். தழும்பேறிய நுரையீரலை மீட்க வழியில்லை.

இந்த ஆபத்து எஞ்சின் வடிகட்டிக்கு முன்பே அறியப்பட்டிருந்தது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களின் நுரையீரல் நோய் பற்றி 1902இலேயே விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. துளைப்பான் கம்பியின் நடுவே நீரைச் செலுத்தித் தூசியைப் பிறக்கும் இடத்திலேயே அடக்கும் முறையை, கொலராடோவில் ஜார்ஜ் லேனர் 1890களிலேயே வகுத்திருந்தார். 1930இல் ஜோகன்னஸ்பர்க்கில் பன்னாட்டு சிலிக்கோசிஸ் மாநாடு கூடியது. இந்தியாவிலோ, கோலார் தங்கச் சுரங்கத்திலிருந்து 1947இல் இந்நோய் முதன்முதலாக அறிவிக்கப்பட்டதாக மருத்துவப் பாடநூல்கள் குறிக்கின்றன. அது சுரங்கம் தொடங்கி 67 ஆண்டுகளுக்குப் பின். தேசியச் சுரங்கத் தொழிலாளர் நல்வாழ்வு நிறுவனம் தங்கவயலில் 1990இல் அமைந்தபோது, சுரங்கத்தின் ஆயுள் இன்னும் பதினோரு ஆண்டுகளே.

எஞ்சினுக்கு விரைவாகக் கிடைத்தது தொழிலாளிக்கு ஏன் தாமதமாயிற்று? அறிவு இல்லாமை இதற்கு விடையாகாது. தேய்மானம் யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது எனக் கருதுகிறேன். ரிங் தேய்ந்தால் வண்டி நிற்கும்; செலவு உரிமையாளரின் கணக்கேட்டில் அன்றே ஏறும். நுரையீரல் தேய்வதற்குப் பத்து, இருபது ஆண்டுகள் ஆகும். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த, பெரும்பாலும் தலித் மக்களான தொழிலாளர்களுள் ஒருவர் மூச்சு முட்டி ஊர் திரும்பிவிட்டால், அவருடைய இறப்பு சுரங்கத்தின் பதிவில் இடம்பெறாது. அந்தச் செலவு ஒரு குடும்பத்தின் மேல் விழும்.

மெக்கானிக்கின் இரு விதிகளும் இங்கே பொருந்துகின்றன. நோய் வெளிப்படும் கிராமம், நோய் பிறந்த இடமன்று. இறப்புக் குறிப்பில் காசநோய் என்று எழுதியிருப்பது காரணத்தை முழுமையாகச் சொல்வதும் அன்று. சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் எளிதில் பற்றும், இரண்டும் ஒன்றாகவே கருதப்பட்டு மயங்கவும் செய்யும். காசநோய்க்கு மட்டும் மருந்து கொடுத்து, அவரை அதே தூசிக்குத் திருப்பியனுப்புவது, பேக் கம்ப்ரஷன் உள்ள எஞ்சினுக்குச் சீல் மாற்றுவதற்கு ஒப்பானது.

வடிகட்டியைத் தேர்வதிலும் இவ்வரலாறு பயன்படும். நல்ல எண்ணெய் வடிகட்டியில் மடிப்புகள் சீராக இருக்கும், பசை விடாது, அடைபட்டால் எண்ணெய்க்கு மாற்றுவழி தரும் பைபாஸ் வால்வு உரிய அழுத்தத்தில் திறக்கும். போலிகளில் விலை குறைவது பெரும்பாலும் காகிதத்திலும் வால்விலும்தான். ஏர் பில்டரைத் தரையில் தட்டுவதும் கம்ப்ரஸர் காற்றால் பலமாக ஊதுவதும் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளை உண்டாக்கும். சற்றுத் தூசி படிந்த காகிதம் புதியதைவிட நன்றாகவே வடிகட்டும். ஆகவே அடிக்கடி திறப்பதைவிட, அடைப்பைக் காட்டும் இண்டிகேட்டரை நம்புவது மேல். வடிகட்டிக்கு அப்பாலுள்ள குழாயின் உட்புறத்தை விரலால் தடவினால் தூசி ஒட்டக் கூடாது. ஒட்டினால், எவ்வளவு விலையுயர்ந்த பில்டராலும் பயனில்லை. இவை அனைத்துக்கும் முன்னதாக, கனரக வண்டிகளில் பெருந்தூசியைச் சுழற்றித் தள்ளும் முன்வடிகட்டி உண்டு. தொழிலாளர் பாதுகாப்பிலும் இதுவே வரிசை: நீர் பாய்ச்சித் தூசியை அடக்குதல், காற்றோட்டம், இறுதியாகவே முகக்கவசம். முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் கையில் கொடுப்பது பாதுகாப்பு ஆகாது.

ஆய்வு மாணவர்களுக்கு ஒன்று. தங்கவயலில் நோய் தெரிந்ததற்கு, அங்கே பரிசோதனை நடந்தது ஒரு காரணம். பரிசோதனை நடக்காத கல்குவாரிகளிலும் கிரஷர்களிலும் நோயின் தடயம் நம் ஆவணங்களில் குறைவாக இருப்பதை, நோய் குறைவு என்று வாசித்துவிடக் கூடாது. பாறைத்தூளை ஏற்றிச் செல்லும் லாரியின் டேஷ்போர்டில் ஏர் பில்டர் அடைப்பைக் காட்டும் விளக்கு இருக்கிறது. அதை ஓட்டுபவரும் ஏற்றி இறக்குபவரும் கடைசியாக எப்போது மார்பு எக்ஸ்ரே எடுத்தனர் என்று கேட்டுக் குறித்துக்கொள்வதிலிருந்து ஒரு நல்ல களஆய்வு தொடங்கலாம்.

ஸ்கெலட்டன், கோலார் தங்கவயல்