படிக்கலாம், திருத்தலாம், ஆக்கிக் கொடுக்கக் கூடாது

மென்பொருளுக்கு இரண்டு உடல்கள். மனிதர் எழுதிப் படிக்கிற மூலநிரல் ஒன்று. அதைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றித் தொகுத்த நிரல் மற்றொன்று. லினக்ஸ் பயன்படுத்துவோரில் பெரும்பாலோர் கைக்கு வருவது இரண்டாவதுதான். டெபியன் போன்ற குழுக்கள் தொகுத்து, பொதியாகக் கட்டித் தருவது. 'மூலநிரலைத்தான் கொடுத்தாச்சே, அப்புறம் என்ன?' என்று கேட்பவர்களுக்காக க்யூமெயிலின் வரலாற்றைச் சொல்கிறேன்.

டேனியல் பெர்ன்ஸ்டைன் எழுதிய இந்த அஞ்சல் மென்பொருளின் முதல் முழுப்பதிப்பு 1997இல் வந்தது. மூலநிரலை யாரும் எடுத்துப் படிக்கலாம். தன் கணினியில் திருத்தலாம். திருத்தத்தை மட்டும் தனி ஒட்டாக ஊருக்கே கொடுக்கலாம். திருத்தியதைத் தொகுத்துப் பொதியாக விநியோகிக்க மட்டும் அனுமதியில்லை. எந்த இயங்குதளத்திலும் கோப்புகள் அதே இடத்தில் இருக்கவேண்டும், நடத்தை மாறக்கூடாது என்பது அவர் வாதம். அதில் நியாயமில்லாமலில்லை. ஊருக்கொரு க்யூமெயில் என்றானால் நிர்வகிப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

டெபியனுக்கோ கோப்புகளை வைப்பதில் தனக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. 1997இல் அது வகுத்த நெறிகளில் நான்காவது இப்படிப் போகிறது: மூலநிரல் மாறாமல் இருக்கட்டும், திருத்தங்கள் ஒட்டாக வரட்டும் என்று ஆசிரியர் கேட்கலாம், ஆனால் திருத்திய மூலத்திலிருந்து தொகுத்ததை விநியோகிக்க வெளிப்படையாக அனுமதிக்கவேண்டும். இது ஒரு சமரசம் என்று அந்த நெறியே ஒப்புக்கொள்கிறது. க்யூமெயில் அந்தச் சமரசத்துக்கும் வெளியே நின்றது. ஆகவே டெபியன் அதன் மூலநிரலைக் கட்டி, 'நீயே தொகுத்துக்கொள்' என்று கொடுத்தது. நெல்லைக் கையில் கொடுத்து, சோறாக்கிக்கொள் என்கிற மாதிரி.

இதே பெர்ன்ஸ்டைன்தான், சங்கேத நிரலைப் போர்த்தளவாடமாகக் கருதி வெளியீட்டைக் கட்டுப்படுத்திய அமெரிக்க அரசுமீது 1995இல் வழக்குத் தொடுத்தவர். மூலநிரலும் பேச்சே என்று 1996இல் மாவட்ட நீதிமன்றம் ஏற்றது. அரசிடம் பேச்சுரிமை கேட்டவர் தன் வாசகரிடம் காவல்காரரானதை இரட்டை வேடம் என்று நான் சுருக்கமாட்டேன். பேச்சுரிமை அரசின் கையைத் தடுக்கிறது. பதிப்புரிமை அதே கையை ஆசிரியனுக்கு இரவல் தருகிறது. இரண்டும் ஒரே அரசியல் சாசனத்தில் குடியிருப்பவை.

நம் சிற்றிதழ்களில் ஆசிரியன் இறந்துவிட்டதாக எளிதாக எழுதிவிட்டோம். பிரதிக்கு அர்த்தம் சொல்லும் அதிகாரத்தைத்தான் அவனிடமிருந்து பறித்தோம். பிரதியைப் பெருக்கிப் பங்கிடும் அதிகாரம் சட்டத்துக்குள் பத்திரமாகவே இருந்தது.

2007 நவம்பரில் பெர்ன்ஸ்டைன் க்யூமெயிலைப் பொதுச்சொத்தாக விட்டார். பத்தாண்டுக் கட்டுப்பாடு ஒரே அறிவிப்பில் போயிற்று. மகிழ்ச்சிதான். ஆனால் ஆசிரியன் மனமிரங்கினால் மட்டுமே திறக்கும் கதவைச் சுதந்திரம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. படிக்கவும் திருத்தவும் மட்டுமே உரிமை என்றால், அது தொகுக்கத் தெரிந்த சிலருக்கான உரிமை. திருத்தியதை அடுத்தவருக்கு ஆக்கிக் கொடுக்கலாம் என்றாகும்போதுதான் அது எல்லோருக்குமாகிறது.