மண்டையோடும் பச்சை முகமும்

மின்மாற்றியைச் சுற்றியுள்ள வேலியில் தொங்கும் பலகையைப் பார்த்திருப்பீர்கள். ‘அபாயம்’ என்ற சொல், கூடவே ஒரு மண்டையோடு, குறுக்கே இரண்டு எலும்புகள். பள்ளிச் சோதனைக்கூடத்து நச்சுப் புட்டிகளிலும் இதே படந்தான். படிக்கத் தெரியாதவருக்கும் இது புரியும் என்பது நம் எண்ணம். ஆனால் நான்கு வயதுக் குழந்தையின் கண்ணால் அதை ஒருமுறை பாருங்கள். மண்டையோடு என்றால் சாவு என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

ஐரோப்பாவில் மண்டையோடும் எலும்பும் முதலில் கல்லறைகளில் செதுக்கப்பட்டன. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடற்கொள்ளையர் அவற்றைத் தம் கொடியில் ஏற்றினர். 19ஆம் நூற்றாண்டில் அவை நச்சுப் பொருளின் அடையாளமாயின. (அக்காலத்து இங்கிலாந்தில் வேறொரு வழியும் இருந்தது. நச்சுப் புட்டியை நீலக் கண்ணாடியில், வெளிப்புறம் வரிவரியாக மேடுகள் வைத்து வார்த்தார்கள். விளக்கில்லாத இரவிலும் கை பட்டதும் தெரிந்துவிடும்! எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.)

ஒரே படத்துக்கு இப்படி இரண்டு பொருள்கள் ஏற்பட்டதன் தொல்லை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நன்றாக வெளிப்பட்டது. அந்நகரப் பேஸ்பால் குழுவின் பெயரே ‘பைரேட்ஸ்’, அதாவது கடற்கொள்ளையர். 1971இல் உலகத் தொடரை வென்றதும் அதே குழுதான். கொள்ளையர் என்றால் அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு விளையாட்டும் குதூகலமும். மண்டையோடு ஒட்டிய புட்டி அவர்களை ‘வா’ என்று அழைக்காமல் என்ன செய்யும்?

அந்நகரக் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ரிச்சர்ட் மோரியார்ட்டி என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். எந்தக் குறி நல்லது என்று அவர் பெரியவர்களைக் கேட்கவில்லை. மண்டையோடு உள்படப் பல படங்களைச் சிறு குழந்தைகளிடமே காட்டச் செய்தார். அவர்கள் சற்றும் விரும்பாதது ஒரு பச்சை முகம்: கண்ணைச் சுருக்கி, நாக்கை வெளியே தள்ளிய முகம். அதற்கு ‘மிஸ்டர் யக்’ என்று பெயரிட்டார்கள். நம் வீட்டுக் குழந்தைகள் ‘உவ்வே’ என்பார்களே, அதற்கு நேரான சொல் ‘யக்’. 1971இல் அந்த முகம் வட்டமான ஒட்டுச்சீட்டாக வெளிவந்தது. முகத்தோடு நச்சுத் தகவல் மையத்தின் தொலைபேசி எண்ணும் அதில் அச்சாகியிருந்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! 1982இல் நியூசிலாந்தில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. சீட்டுக் கொடுத்த வீடுகள், கொடுக்காத வீடுகள் என்று பிரித்துப் பார்த்ததில், குழந்தைகள் நஞ்சு உட்கொள்வதில் வேறுபாடு காணப்படவில்லை. 1984இல் வெளியான அமெரிக்க ஆய்வு இன்னும் சங்கடமானது. ஒன்று முதல் இரண்டரை வயதுவரையுள்ள குழந்தைகள், சீட்டு ஒட்டிய டப்பாக்களை விலக்கவில்லை. முன்பைவிட அதிகமாகவே எடுத்து விளையாடினார்கள்.

இது ஏன்? இயற்பியல் படித்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நம் கண் பகல் வெளிச்சத்தில் மிகக் கூர்மையாக உணர்வது பச்சை ஒளியை, ஏறத்தாழ 555 நானோமீட்டர் அலைநீளத்தில். சீட்டின் மையோ ஒளிர்மை உடையது. கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிரையும் உட்கொண்டு பச்சையாக உமிழும். இப்படிப் பளபளக்கும் பொருளைத் தவழும் குழந்தை எடுக்காமல் விடுமா? ‘இது என்ன முகம்?’ என்று கேட்டு, சொன்னதை நினைவில் வைக்கும் வயது வந்த பள்ளிப் பிள்ளையின் நிலை வேறு. அவனுக்கு அது ஓர் எழுத்தைப்போல, கற்றுக்கொடுத்தால் படிப்பான்.

படிக்காத வயதினருக்கு மூடியே காவல். கனடாவின் வின்ட்சர் நகர மருத்துவர் ஆன்ரி ப்ரோ 1967இல் கொண்டுவந்த மூடியைத் திறக்க, கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே திருக வேண்டும். இரண்டு விசைகளை ஒரே நேரத்தில் செலுத்தச் சின்னக் கைகளுக்கு வராது. அமெரிக்காவில் 1970இல் இத்தகைய மூடிகளுக்குச் சட்டம் இயற்றினார்கள். அதன்படி வகுத்த சோதனையிலும் நடுவர்கள் குழந்தைகளே. மூன்றரை முதல் நாலேகால் வயதுவரையுள்ள 200 பேரிடம் கொடுத்து, முதல் 5 நிமிடத்தில் குறைந்தது 85 சதவீதத்தினரால் திறக்க முடியாமற் போக வேண்டும்.

பச்சை முகமும் மறைந்துவிடவில்லை. பிட்ஸ்பர்க் மையம் இன்றும் அதை வழங்குகிறது. அதில் நிச்சயமாகப் பயன்படும் பகுதி எது என்று என்னைக் கேட்டால், தொலைபேசி எண்ணைத்தான் சுட்டுவேன். அது குழந்தைக்காக அச்சிட்டதன்று. பதறி ஓடிவரும் தாய்க்காக அச்சிட்டது.